கைக்குள் ஒளிந்த ஈர்க்குச்சி

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 34. பினாங்கு மாநிலம் பிறையில் இருக்கிறேன், பேக்டரியில் ஷிப்ட் வேலை. இரண்டாவது மகன் பிறந்து ஆறு மாதத்தில் இடது கையில் இம்பிளான் (தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி) வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த பிள்ளைக்கு யோசிப்பதால் எடுக்கப் போனேன். வைத்த கிளினிக்கில் டாக்டர் மாறிவிட்டார். புது டாக்டர் கையை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, தட்டுப்படவில்லை என்றார். இடையில் நான் 14 கிலோ எடை கூடிவிட்டேன். வேறொரு கிளினிக்கில், ‘சின்னதாகக் கிழித்துத் தேடிப் பார்க்கலாம், அரை மணி நேர வேலை’ என்கிறார்கள். அது ரத்தத்தில் ஏறி நெஞ்சுக்குப் போயிருக்கும் என்று மாமியார் அழுகிறார். வீட்டுக்காரர், கரைந்திருக்கும் விடு என்கிறார். எட்டு மாதமாக எனக்கு மாதவிலக்கும் இல்லை. அது எங்கேதான் இருக்கிறது? ஸ்கேனில் தெரியுமா? எக்ஸ்ரே எடுத்தால் அடுத்த குழந்தைக்கு ஆபத்தா? எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, பிறை

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கிழித்துத் தேடிப் பார்க்கலாம் என்று சொன்ன இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரலுக்குத் தட்டுப்படாத இம்பிளான் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று படத்தில் பார்க்காமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. அந்த மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிற எச்சரிக்கைதான்.

நான் பினாங்குத் தீவில் கதிரியக்கப் பிரிவில் வேலை செய்கிறேன். இருட்டறையில் உட்கார்ந்து ஸ்கேன் திரையைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒருமுறை ஒரு பெண் வந்தார். கையின் உள்பக்கத்தில் மூன்று தழும்புகள். மூன்றும் வேறெங்கோ ‘சின்னதாகக் கிழித்து’ப் பார்த்ததில் வந்தவை. குச்சி அந்த மூன்று தழும்புக்கும் ஒரு விரல்கடை தள்ளிப் பத்திரமாகக் கிடந்தது. அதைவிட எரிச்சல் என்னவென்றால், தழும்புத் திசுவும் ஸ்கேனில் நிழல் போடும். வெட்ட வெட்ட, எங்களுக்குத் தேடுவதும் கடினமாகிறது. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அன்றைக்கு முக்கால் மணி நேரம் இழுத்தது.

சரி, அது எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் உங்கள் கையிலேயேதான். வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆனால் வைத்திருக்க வேண்டியதைவிட ஆழமாக. மூன்று வருடத்துக்கு முன் இங்கே வைத்தது என்றால் அது இம்பிளானோன் என்.எக்ஸ்.டி என்ற வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வைத்த அன்று ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள்: பெயர், தேதி, எந்தக் கை என்று எழுதியிருக்கும். பிள்ளைகளின் ஊசிப் புத்தகம், பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பையில் தேடிப் பாருங்கள். அதில் உள்ள பெயரை வைத்துத்தான் எந்தப் படம் எடுப்பது என்பதையே முடிவு செய்வோம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் குச்சி 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். நம் வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிச் சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அதற்குள் 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கிறது. அதைத் தாங்கியிருப்பது வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக். ஹார்மோன் கசிந்து குறையும்; பிளாஸ்டிக் கரையவே கரையாது. ஐந்து வருடம் ஆனாலும் பத்து வருடம் ஆனாலும் அதே 4 சென்டிமீட்டர்தான். எனவே உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தவறு. இருந்தாலும் அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தையல் நூல் தானாகக் கரைவதைப் பார்த்தவர்கள் இதையும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தட்டுப்படாமல் போவதற்கு முதல் காரணம் வைத்த அன்றே நடந்திருக்கும். ஊசி தோலுக்கு அடியிலேயே, தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் குச்சி கொழுப்புக்குள் இறங்கிவிடும். மெலிந்த கையாக இருந்தால் தசையின் உறை வரைக்கும் போய்விடும். இரண்டாவது, உங்களுக்குக் கூடிய 14 கிலோ. குச்சி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் மெத்தை தடித்துவிட்டது. மூன்றாவது காரணம் கேட்பதற்கே வினோதமாக இருக்கும்: குச்சி உள்ளே போகாமலே இருந்திருக்கலாம். பழைய வகையில் அது கருவியின் ஊசிக்குள்ளேயே தங்கிவிட்டதும், வைக்கும் முன்பே கீழே விழுந்துவிட்டதும் உண்டு. புதுக் கருவியை அந்தத் தவறு குறையும்படி மாற்றி அமைத்தார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. ஆனாலும் ஒரு கேள்வி: வைத்த அன்று டாக்டரோ மிஸியோ (நர்ஸோ) உங்கள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, ‘இதோ இருக்கிறது’ என்று காட்டினார்களா? காட்டியிருந்தால், அன்றைக்கு அது தோலுக்கடியில் இருந்தது நிச்சயம். இல்லையென்றால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ள முடியாது. குச்சி நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் போய்த் தங்கியதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் அது கைச் சதைக்குள் ஊர்ந்து ஊர்ந்து நெஞ்சுக்கு ஏறவில்லை. கையின் உள்பக்கத்தில் ஓடும் பெரிய சிரைக்குள் ஊசி நேராக இறங்கி, குச்சியை அங்கேயே விட்டுவிட்டால்தான் அந்தப் பயணம் தொடங்கும்: சிரை, தோள், இதயத்தின் வலப் பக்கம், அங்கிருந்து நுரையீரல். மிக அரிது. சதைக்குள் இருப்பது பெரும்பாலும் வைத்த இடத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்தான் நகரும். அதைச் சுற்றி மெல்லிய நார் உறை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நரம்பு, ரத்தக் குழாய் ஆபத்தைக் குறைக்கத்தான் வைக்கும் இடத்தையே மாற்றினார்கள். முன்பு இருதலைத் தசைக்கும் முத்தலைத் தசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்கு அருகில் வைப்பார்கள். அந்தப் பள்ளத்துக்கு அடியில்தான் தமனி, சிரை, நரம்பு எல்லாம் கட்டாக ஓடுகின்றன. 2020-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புது இடத்தைக் குறித்து எல்லா மருத்துவர்களுக்கும் அறிவிப்பு அனுப்பியது. முழங்கையின் உள் எலும்பு முனையிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, அந்தப் பள்ளத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் பின்னால். உங்களுக்கு எந்த இடத்தில் வைத்தார்கள் என்று அந்தக் கடுகளவுத் தழும்பே சொல்லிவிடும்.

இப்போது ஸ்கேன் அறைக்குள் வாருங்கள்.

அல்ட்ராசவுண்ட்தான் முதல் படம். ஆனால் எந்த அல்ட்ராசவுண்ட் என்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கர்ப்ப காலத்தில் உங்கள் வயிற்றில் உருட்டினார்களே, அந்த வளைந்த முனை கொண்ட புரோப், ஆழத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதற்கானது. அதன் ஒலி அலை குறைந்த அதிர்வெண் கொண்டது. 2 மில்லிமீட்டர் குச்சியை அதில் தேடுவது ஏணியில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது போல. ‘ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்று கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்ட பெண்களில் சிலரை அதே நாளில் நான் மறுபடி பார்த்திருக்கிறேன். குச்சி அங்கேயே இருந்தது, முனைதான் தப்பு. நமக்கு வேண்டியது தட்டையான முனை கொண்ட லீனியர் புரோப், 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். தைராய்டு, மார்பகம், நரம்பு பார்க்கும் முனை அதுதான். போனில் நேரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லாக்கப் படுக்க வேண்டும். இடது முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தலைக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மத்தியானத்தில் பாய் போட்டுப் படுப்பது போல. ஜெல் ஜில்லென்று இருக்கும். தழும்பில் தொடங்கி, புரோப்பைக் கைக்குக் குறுக்காக வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தில் மேலும் கீழும் நகர்த்துவேன். நீளவாக்கில் தேடினால் குச்சிக்குப் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தும் தவறவிடலாம். குறுக்கே தேடினால் எங்காவது ஓரிடத்தில் அதைக் கடந்தே ஆக வேண்டும்.

உண்மையில் நான் குச்சியைத் தேடுவதில்லை. அதன் நிழலைத் தேடுகிறேன். குறுக்குவெட்டில் குச்சி ஒரு கடுகளவு வெள்ளைப் புள்ளிதான். கொழுப்புக்குள் அப்படி எத்தனையோ வெள்ளைப் புள்ளிகள், கோடுகள். ஆனால் ஒலி இந்தப் பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போகாது. அதனால் புள்ளிக்கு நேர் கீழே கூர்மையான ஒரு கறுப்புப் பட்டை இறங்கும், மை தொட்டு இழுத்தது போல. இங்கே ஒரு வேடிக்கை. இன்றைய ஸ்கேன் இயந்திரங்கள் படத்தை அழகாக்குவதற்காகப் பல கோணங்களிலிருந்து ஒலியை அனுப்பி ஒன்றாகக் கலக்கின்றன, காம்பவுண்டிங் என்போம். அழகு கூடும், நிழல் மங்கிப்போகும். குச்சி தேடும்போது நான் செய்யும் முதல் வேலை அந்த வசதியை அணைப்பதுதான். விலை உயர்ந்த இயந்திரத்தைப் பழசு மாதிரி ஆக்கினால்தான் இது அகப்படும்.

நிழல் கிடைத்தவுடன் கைதட்டிவிட முடியாது. கொழுப்புக்கு நடுவே ஓடும் நார்த் தடுப்புகளும் நிழல் போடும். ஆனால் புரோப்பைக் கொஞ்சம் சாய்த்தால் அந்த நிழல் கலையும். குச்சியின் நிழல் 4 சென்டிமீட்டர் தூரத்துக்கு விடாமல் கூடவே வரும். பிறகு சட்டென்று நின்றுவிடும். அதுதான் ஒரு முனை. திரும்பி வந்தால் மறுமுனை. அப்புறம்தான் புரோப்பை 90 பாகை திருப்பி, நீளவாக்கில் வெள்ளைக் கோடாகப் பார்த்து உறுதி செய்வோம். தோலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று இரண்டு முனையிலும் அளப்போம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வண்ணத்தைப் போட்டால் பக்கத்தில் ஓடும் தமனியும் சிரையும் சிவப்பும் நீலமுமாகத் துடிக்கும். நரம்பு குறுக்குவெட்டில் சின்னத் தேன்கூடு போலத் தெரியும். குச்சிக்கும் அந்தத் தேன்கூட்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதுதான் என் அறிக்கையிலேயே முக்கியமான எண்.

எக்ஸ்ரே எதற்கு? அல்ட்ராசவுண்டில் கிடைக்கவில்லை என்றால், அல்லது கையில் இருக்கிறதா இல்லையா என்பதையே ஒரே படத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால். உங்கள் அட்டையில் உள்ள பெயர் இங்கேதான் உதவும். 1998-இல் முதலில் வந்த இம்பிளானோன் எக்ஸ்ரேயில் தெரியாது. கதிருக்கு அது வெறும் காற்று மாதிரி. பின்னால் வந்த என்.எக்ஸ்.டி-யில் 15 மில்லிகிராம் பேரியம் சல்பேட் சேர்த்தார்கள். வயிற்றுப் படம் எடுப்பதற்கு முன் குடிக்கக் கொடுக்கும் அந்தச் சுண்ணாம்பு நிறத் திரவத்தில் இருப்பதே இதுவும். அதனால் எலும்புக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளை ஈர்க்காகத் தெளிவாகத் தெரியும். தோளிலிருந்து முழங்கை வரை முழுக் கையும் படத்தில் விழ வேண்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஆனால் எக்ஸ்ரே ‘இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். நரம்பு எங்கே, சிரை எங்கே என்று காட்டாது. எனவே எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு அப்படியே வெட்டப் போவதும் சரியில்லை. அந்த வெள்ளைக் கோட்டை வழிகாட்டியாக வைத்து மறுபடி அல்ட்ராசவுண்டில் தேட வேண்டும். முதல்முறை தப்பியது இரண்டாம் முறை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அடுத்த பிள்ளைக்கு ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கைக்கு எடுக்கும் எக்ஸ்ரேயின் அளவு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில மணி நேரத்தில் நம் எல்லோருக்கும் இயல்பாக வரும் கதிருக்குச் சமம். நெஞ்சு எக்ஸ்ரே என்றால் சுமார் பத்து நாள் அளவு. அந்தக் கதிர் கர்ப்பப்பையின் மேல் விழுவதும் இல்லை. இருந்தாலும் படம் எடுப்பதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கதிருக்குப் பயந்து அல்ல, உங்கள் எட்டு மாதத்துக்காக. இம்பிளான் வைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கு நின்றுபோகும்; உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும், அப்படியென்றால் குச்சி உள்ளே இருந்து வேலை செய்கிறது என்றும் அர்த்தம். ஆனால் குச்சியே இல்லாதவருக்கும் மாதவிலக்கு நிற்க இன்னொரு காரணம் உண்டு, இல்லையா? பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும் ஒரு பரிசோதனைக் குச்சி அந்தக் கேள்வியை முடித்துவிடும். பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தால், கையை விட்டுவிட்டு முதலில் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். இம்பிளான் இருக்கும்போது தரிக்கும் கரு, கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ உங்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. பேரியம் இல்லாத பழைய குச்சிக்கு, அல்ட்ராசவுண்டும் கைவிட்ட பிறகு, அது உதவும்; எந்த வகைப் படத்திலும் கறுப்புக் கோடாகத் தெரியும். சத்தமான குழாய்க்குள் கையைத் தூக்கி வைத்தபடி நெடுநேரம் அசையாமல் படுக்க வேண்டும், செலவும் அதிகம். ஒரு துணைச் செய்தி: வேறு நோய்க்காக எம்.ஆர்.ஐ எடுக்கும்போது இம்பிளானுக்குப் பயப்பட வேண்டாம்; அதில் இரும்பும் இல்லை, காந்தம் இழுக்கும் வேறெதுவும் இல்லை.

கையில் எந்தப் படத்திலும் இல்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே. நுரையீரலில் இருந்தால் அங்கே தெரியும். அப்படியிருந்தால் அது வேறு பிரிவின் வேலை: ரத்தக் குழாய் வழியாகவே மெல்லிய கம்பியை அனுப்பிப் பிடித்து இழுப்பதும் உண்டு. நெஞ்சிலும் இல்லையென்றால் ரத்தத்தில் எட்டோனோஜெஸ்ட்ரல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனையை டாக்டர்தான் தயாரிப்பு நிறுவனம் மூலம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஹார்மோன் துளியும் இல்லையென்றால் குச்சி உங்கள் உடம்பில் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

கண்டுபிடித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. அதை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் செய்தேன். அவருக்குத் தோள்வலி; கையைத் தலைக்கடியில் வைக்க முடியவில்லை. பாவம் என்று, கையை நீட்டியபடியே வைத்துத் தேடி, நீல மார்க்கரால் தோலில் இரண்டு முனையையும் குறித்து அனுப்பினேன். அறுவை அறையில் அவருக்கு மரப்பு ஊசியோடு சேர்த்து வலி மருந்தும் கொடுத்து, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துவிட்டார்கள். தோல் நழுவியது, என் நீலக் கோடும் கூடவே நழுவியது. குச்சி மட்டும் ஆழத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. சர்ஜன் என்னைப் போனில் கூப்பிட்டு, ‘உங்கள் கோட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லையே’ என்றார். சிறிய ஸ்கேன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. அன்றிலிருந்து, எந்த நிலையில் கையை வைத்து எடுக்கப் போகிறார்களோ அந்த நிலையில்தான் குறிப்பேன். அறிக்கையிலும் அதை எழுதுவேன். உங்களுக்குக் குறிக்கும்போதும் டாக்டரிடம் கேளுங்கள்: ‘எடுக்கும்போதும் கை இப்படித்தானே இருக்கும்?’ நீங்கள் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

குறிப்பதும் எடுப்பதும் ஒரே நாளில் இருந்தால் நல்லது. பாலம் தாண்டி வந்து குறித்துக்கொண்டு, மறுநாள் எடுக்கப் போவதற்கு முன் நன்றாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போன ஒரு அம்மாவும் என் கணக்கில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுத்தமாகப் போக வேண்டும் அல்லவா என்றார். நான் என்ன சொல்வது?

எடுப்பது பற்றிச் சுருக்கமாக. ஆழமாக இருப்பதை, இதில் பழக்கமுள்ளவர் எடுக்க வேண்டும்; முடிந்தால் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டே. மரப்பு ஊசியைக் குச்சிக்கு அடியில் போடுவார்கள். மேலே போட்டால் தோல் வீங்கிக் குச்சி இன்னும் மறைந்துவிடும். வெட்டு சில மில்லிமீட்டர்தான். இதற்கு உதவும் ஒரு வளைய இடுக்கி உண்டு. ஆண்களுக்குச் செய்யும் கத்தியில்லாக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான கருவியை மாற்றிச் செய்தது. 1990-களில் ஆறு குழாய்கள் கொண்ட நார்பிளான்ட் என்ற பழைய கருத்தடை இம்பிளானை எடுப்பதற்காக உந்துங் பிரப்தொஹார்ஜோ என்ற இந்தோனேசிய மருத்துவர் உருவாக்கிய முறை அது. பக்கத்து நாட்டில் பிறந்த உத்தி, இன்றைக்கு ஆழத்தில் கிடக்கும் ஒற்றைக் குச்சிக்கும் கைகொடுக்கிறது. எடுத்ததும் குச்சியைக் காட்டச் சொல்லி, முழுதாக 4 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினால் மறுபடி என் வாசலுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

இப்போதோ, எடுத்த பிறகோ சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரத்துப்போவது, முன்கையின் உள்பக்கம் மின்சாரம் பாய்வது போன்ற வலி, பிடி தளர்வது இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அது நரம்பு பேசுகிறது. பேக்டரியில் கையால் செய்யும் வேலை என்பதால் இதைக் கூடுதலாகவே சொல்கிறேன்.

எங்கே போவது? வைத்த கிளினிக்கிலேயே தொடங்குங்கள். அவர்களிடம் உங்கள் பதிவு இருக்கும். அங்கே முடியாவிட்டால் உங்கள் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) போய், இம்பிளான் தட்டுப்படவில்லை, ஸ்கேன் செய்து கண்டுபிடித்து எடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிய சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே கட்டணம் 1 வெள்ளி. உங்களுக்குச் செபராங் ஜெயா மருத்துவமனை பக்கம். தீவில் பினாங்கு பொது மருத்துவமனை இருக்கிறது. கதிரியக்கப் பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் போவதுதான் புத்திசாலித்தனம். தனியார் ஆஸ்பத்திரி என்றாலும் இதே விதிதான். நேரம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம். அதுவரை குச்சி கைக்குள் இருப்பதால் விஷமாகிவிடாது. உங்களுக்கு வைத்தபோது அனுமதித்த காலம் மூன்று வருடம்தான் என்றாலும், அது முடிந்த மறுநாளே ஹார்மோன் நின்றுவிடுவதும் இல்லை. அது இருக்கும்வரை கருமுட்டை வெளிவருவதைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் பிள்ளை வேண்டும் என்கிறவர் எடுத்தாக வேண்டும்.

எடுத்துவிட்டால் உடம்பு வெகுநாள் காக்க வைக்காது. ஒரு வாரத்துக்குள் ஹார்மோன் ரத்தத்திலிருந்து போய்விடும். பலருக்கு அடுத்த ஒரு மாதத்திலேயே கருமுட்டை வெளிவரத் தொடங்கும். எனவே ஃபோலிக் அமில மாத்திரையை, தினம் 400 மைக்ரோகிராம், எடுப்பதற்கு முன்பிருந்தே தொடங்குங்கள். கூடிய எடையைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை. இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்க்கு) ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். நம் இனப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் அது சீக்கிரம் தலைதூக்குகிறது.

இன்னொன்று. ஸ்கேனுக்குப் போகும் நாளில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குச்சி கிடைத்ததும் திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கடுகளவு வெள்ளைப் புள்ளி, அதன் கீழே ஒரு கறுப்பு நிழல். நெஞ்சுக்கு ஏறவில்லை, இங்கேதான் இருக்கிறது என்று அவர் தன் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.